பின்பக்கம் காலியாக இருந்த காசோலை

சென்னை ஆண்டர்சன் தெருவில் பல வருஷமாகக் காகித வியாபாரம் செய்பவர் அவர். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. 2022 ஏப்ரலில் ஒரு சாயங்காலம் என் அலுவலகத்துக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு காசோலையும், அதோடு பின் அடித்திருந்த வங்கியின் ரிட்டர்ன் மெமோவும் இருந்தன. தொகை 6,40,000 ரூபாய். கணக்கில் போதிய பணம் இல்லாததால் செக் திரும்பியிருந்தது.

“சார், இதுக்குச் செக் கேஸ் போடலாம்ல?”

போடலாம் என்றேன். போட்டோம். இரண்டு வருஷம் கழித்துத் தோற்றோம். பாக்கி உண்மை, கையெழுத்து உண்மை, செக் திரும்பி வந்ததும் உண்மை. நோட்டீஸிலோ கெடுவிலோ ஒரு நாள் பிசகு கிடையாது. அப்படியும் ஏன் தோற்றோம் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரு தரப்பிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கொடுக்கல் வாங்கல்

எதிர்த்தரப்பு, திருவல்லிக்கேணியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ் வைத்திருப்பவர். அண்ணாச்சியிடம் ஆறேழு வருஷமாக அட்டையும் தாளும் கடனுக்கு எடுத்து வந்தவர். கொரோனா இரண்டாம் அலை அடங்கி மண்டபங்கள் திறந்ததும் ஆர்டர் குவிந்தது. 2021 செப்டம்பர் முதல் நவம்பர் வரை மூன்று பில்லில் சரக்கு எடுத்தார். மொத்தம் 6,40,000. அதற்கு 10.1.2022 தேதியிட்டு ஒரே செக் கொடுத்தார். கொடுக்கும்போதே, “அண்ணாச்சி, கொஞ்சம் பொறுத்துப் போடுங்க, நானே சொல்றேன்” என்றும் சொல்லியிருக்கிறார்.

ஜனவரியில் மறுபடி கட்டுப்பாடுகள் வந்தன. முகூர்த்தங்கள் தள்ளிப் போயின. செக்கைப் போடச் சொல்லி அவர் சொல்லவேயில்லை. அதற்குப் பதிலாகக் கையில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினார். ஜனவரி 24-ல் ஜிபேயில் 50,000, பிப்ரவரி 14-ல் இன்னொரு 50,000, மார்ச் 5-ல் வங்கி மூலமாக 80,000. ஆக 1,80,000 ரூபாய் வந்துவிட்டது. மிச்சம் 4,60,000.

மார்ச் கடைசியில் பிரஸ்காரர் போன் எடுப்பதை நிறுத்தினார். மெஷினை விற்கப் போகிறார் என்று தெருவில் பேச்சு. 2012 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி காசோலையின் ஆயுள் மூன்று மாதம்தான். ஏப்ரல் 9 இரண்டாவது சனி, 10 ஞாயிறு. அண்ணாச்சி பயந்துபோய் ஏப்ரல் 4 திங்கள்கிழமை செக்கை வங்கியில் போட்டார். மறுநாள் திரும்பி வந்தது.

முழுத் தொகைக்கான செக்கை ஏன் போட்டீர்கள் என்று பிற்பாடு கேட்டேன். “அதிகமா வந்ததைத் திருப்பிக் கொடுத்துடப் போறேன், அவ்வளவுதானே சார்” என்றார். அவர் மனசில் கள்ளம் கிடையாது. வியாபாரத்தில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

முதல் நாள் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: “செக் வாங்கினதுக்கு அப்புறம், போடறதுக்கு முன்னால, இவர்கிட்ட இருந்து ஏதாவது பணம் வந்ததா?” நான் கேட்டது “பாக்கி எவ்வளவு?” என்று. அவர் செக்கைக் காட்டினார். நான் 6,40,000 என்று நோட்டீஸ் எழுதினேன். இன்று என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

சட்டமும் கெடுவும்

மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ல் வந்தது. புரோநோட்டு, உண்டியல் என்கிற மாற்றுச் சீட்டு, காசோலை மூன்றும் அதற்குள் அடங்கும். ஆனால் செக் திரும்புவதைக் குற்றமாக்கிய 138-ஆம் பிரிவு முதலில் அதில் இல்லை. 1988-ல் திருத்தி, 1989 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதுவரை பணத்துக்கு சிவில் வழக்குதான் போட வேண்டும், மோசடி என்று நிரூபிக்க முடிந்தால் அது தனி. 2002-ல் செய்த திருத்தத்தில் தண்டனை ஒரு வருஷத்திலிருந்து இரண்டு வருஷம் வரை என்று கூடியது. அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து.

கெடு விஷயத்தில் இந்தச் சட்டம் கறார். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது கைக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். எங்களுக்கு மெமோ வந்தது ஏப்ரல் 5. நோட்டீஸ் அனுப்பியது 20. ஒப்புகை அட்டையில் அவர் கையெழுத்துப் போட்டது 22. பதினைந்து நாள் மே 7-ல் முடிந்தது. பதில் இல்லை. ஜூன் 3-ல் புகார் தாக்கல் செய்தோம். 2015 திருத்தத்துக்குப் பிறகு, பணம் வாங்க வேண்டியவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் போட முடியும். மூர் மார்க்கெட் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் செக் வழக்குகளுக்கென்று இருக்கும் விரைவு நீதிமன்றங்களில் ஒன்றுக்கு வழக்கு போனது.

விரைவு என்பது பெயரில் இருக்கிறது. அந்தத் தாழ்வாரத்தில் காலை பத்தரைக்கு நின்று பார்த்தால் தெரியும். கையில் பிளாஸ்டிக் உறையோடு நூறு பேர் இருப்பார்கள். சீட்டுப் பணம், கைமாத்து, சரக்குப் பாக்கி, வீட்டு அட்வான்ஸ் என்று ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு கதை. இரண்டு வாய்தா சம்மனுக்கே போனது, மூன்றாவது வாய்தாவில் பிரஸ்காரர் ஆஜராகிக் குற்றத்தை மறுத்தார். 143அ பிரிவில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கலாம். கேட்டோம், கிடைக்கவில்லை.

எதிர்த்தரப்பின் இரண்டு வாதங்கள்

முதல் வாதம் நாங்கள் எதிர்பார்த்ததுதான். “அது வெறும் செக். உத்தரவாதத்துக்காகக் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன், தொகையை அவரே எழுதிக்கொண்டார்.” செக் வழக்குகளில் பத்துக்கு ஏழெட்டில் இதைக் கேட்கிறேன். இதில் எங்களுக்குப் பயமில்லை. 139-ஆம் பிரிவு, செக் வைத்திருப்பவர் அதைக் கடனுக்காகத்தான் வாங்கினார் என்று அனுமானித்துக்கொள்ளச் சொல்கிறது. ரங்கப்பா எதிர் ஸ்ரீ மோகன் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருந்தது என்பதும் அந்த அனுமானத்துக்குள் அடங்கும் என்று தெளிவாக்கியது. பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் 2019-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கைத் தானாக முன்வந்து கொடுத்தவருக்கும் அந்த அனுமானம் பொருந்தும், தொகையை வேறு யார் எழுதினார்கள் என்பது முக்கியமில்லை. எங்களிடம் பில்லும் ஜிஎஸ்டி கணக்கும் சரக்கு இறக்கிய சீட்டும் இருந்தன. நோட்டீஸுக்கு அவர் பதில் போடவில்லை என்பதும் எங்களுக்குச் சாதகம். இந்த வாதத்தை நடுவர் (மாஜிஸ்திரேட்) தீர்ப்பில் நான்கு வரியில் தள்ளிவிட்டார்.

இரண்டாவது வாதம் நவம்பரில் வந்தது. அண்ணாச்சியைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டு அவர்கள் போட்ட மனுவோடு வங்கிக் கணக்கு நகல் ஒன்று இருந்தது. மூன்று வரிகளை மஞ்சள் மையால் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். 50,000, 50,000, 80,000. அதன் கீழே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் நகல். தேதி 11.10.2022. ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

அது தஷ்ரத்பாய் திரிகம்பாய் படேல் எதிர் ஹிதேஷ் மகேந்திரபாய் படேல் வழக்கு. நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், ஹிமா கோலி. குஜராத்தில் 20 லட்சத்துக்குச் செக். போடுவதற்கு முன்னால் கடன்காரர் 4,09,315 ரூபாய் திருப்பித் தந்துவிட்டார். ஆனாலும் 20 லட்சத்துக்கே செக்கைப் போட்டார்கள். திரும்பியது. உச்ச நீதிமன்றம், அங்கே 138-ஆம் பிரிவுக் குற்றம் இல்லை என்றது. செக் எழுதிய அன்றைக்குக் கடன் எவ்வளவு என்பது மட்டும் போதாது. பணமாக்கப் போடுகிற அன்றைக்கு, செக்கில் உள்ள தொகைக்குச் சட்டப்படியான கடன் இருக்க வேண்டும். நடுவில் ஒரு பகுதி வந்திருந்தால், 56-ஆம் பிரிவு சொல்கிறபடி அந்த வரவைச் செக்கிலேயே குறித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். அப்படிக் குறித்துப் போட்டு, அதுவும் திரும்பினால் 138 வரும்.

படித்துவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். “ஆமா சார், வந்துச்சே. பேரேட்டுல வரவு வச்சிருக்கேனே” என்றார் வெகு இயல்பாக. பேரேட்டில் எழுதியிருந்தார். செக்கின் பின்பக்கம் காலி.

அப்போது செக்கைத் திருத்திப் போடவும் வழியில்லை. ஆயுள் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. நோட்டீஸில் மிச்சத் தொகையை மட்டும் கேட்டிருந்தாலும் காப்பாற்றியிருக்காது. 138-ன்படி நோட்டீஸில் கேட்க வேண்டியது செக் தொகையை. தப்பு நடந்தது செக்கை வங்கியில் நீட்டிய அந்த ஒரு நிமிஷத்தில்.

கூண்டில்

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பணம் வேறு ஏதாவது பழைய பில்லுக்கு வந்ததாக இருக்குமா என்று என் ஜூனியர் கேட்டார். நியாயமான கேள்விதான். தொடர்கணக்கில், எந்தப் பாக்கிக்கு என்று சொல்லாமல் வந்த பணத்தை வாங்கியவர் வேறொரு பாக்கிக்கு வரவு வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. அப்படி இருந்தால் 6,40,000 அப்படியே நின்றிருக்கும். அண்ணாச்சி பேரேட்டைப் புரட்டிப் பார்த்தார். பழைய பில் எல்லாம் தீபாவளிக்கு முன்னாலேயே தீர்ந்திருந்தது. செக் வாங்கிய பிறகு புதுச் சரக்கு கடனுக்குப் போகவில்லை. பேரேட்டை மூடிவிட்டு ஜூனியரைப் பார்த்துச் சொன்னார்:

“வாங்கினதை வாங்கலைன்னு சொல்லி வர்ற காசு எனக்கு வேண்டாம் தம்பி.”

மறுநாள் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதிகம் சுற்றி வளைக்கவில்லை. ஜனவரியில் ஐம்பதாயிரம் வந்ததா? வந்தது. பிப்ரவரியில்? வந்தது. மார்ச்சில் எண்பதாயிரம்? அதுவும் வந்தது. இதெல்லாம் இந்தச் செக் பாக்கிக்குத்தானே? அண்ணாச்சி ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். பிறகு நடுவரைப் பார்த்து, “ஆமாங்க ஐயா. வேற எதுக்குத் தரப்போறார்” என்றார்.

நடுவர் எழுதிக்கொண்டார். பிரஸ்காரர் எதிரிக் கூண்டில் தலை குனிந்து நின்றிருந்தார். வழக்கு அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கட்சிக்காரரைப் பற்றி அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை, நான் ஜெயித்த பல வழக்குகளில் இருந்ததில்லை.

வாதத்தில் எங்களால் முடிந்ததைச் சொன்னோம். செக் கொடுத்த அன்று கடன் முழுசாக இருந்தது என்றோம். 138-ல் கடனை “முழுவதுமோ ஒரு பகுதியோ” தீர்க்கத் தந்த செக் என்றுதானே இருக்கிறது, 4,60,000 இன்னும் பாக்கிதானே என்றோம். நடுவரின் பதில் சுருக்கமானது. கடனின் ஒரு பகுதிக்குச் செக் இருக்கலாம், கடனைவிடப் பெரிய தொகைக்கு இருக்க முடியாது. 2024 மார்ச்சில் எதிரி விடுதலை.

என்னிடம் கேட்டால் அந்தத் தீர்ப்பு சரி. ஒரு நிமிஷம் பிரஸ்காரர் பக்கம் நின்று பாருங்கள். ஏப்ரல் 4 அன்று அவர் கணக்கில் ஏதோ ஒரு அதிசயத்தில் பணம் இருந்து செக் பாஸாகியிருந்தால், 6,40,000 பாக்கிக்கு அவர் 8,20,000 கட்டியிருப்பார். கடன்பட்டிராத 1,80,000-ஐயும் சேர்த்துக் கட்டு, இல்லாவிட்டால் ஜெயில் என்று ஒருவரிடம் சொல்ல முடியாது. அண்ணாச்சி அதிகமாக வந்ததைத் திருப்பித் தந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். எல்லாரும் அண்ணாச்சி இல்லை.

புரோநோட்டின் முதுகு

இந்த வழக்கு நடந்த காலமெல்லாம் எனக்குத் தாத்தாவின் தகரப் பெட்டி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அதில் பழைய புரோநோட்டுகள் கட்டாக இருக்கும். முன்பக்கம் “தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது” என்று போகும் வாசகம், ரெவின்யூ ஸ்டாம்பு, அதன் மேல் குறுக்காக ஓடும் கையெழுத்து. திருப்பினால் பின்பக்கம் முழுக்க வரவு. “மேற்படி நோட்டுக்கு இன்று அசலில் வரவு ரூ. 200” என்று எழுதி, தேதி போட்டு, கீழே கடன் வாங்கியவரின் கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டு.

அவர்கள் அதை எழுதியது காலாவதிச் சட்டத்துக்காக. கடன் வாங்கியவரே எழுதியோ கையெழுத்துப் போட்டோ ஒப்புக்கொண்ட வரவு, வழக்குப் போடுவதற்கான மூன்று வருஷக் கெடுவை அன்றிலிருந்து புதுசாகத் தொடங்கி வைக்கும். ஆனால் 56-ஆம் பிரிவு செக்கில் எழுதச் சொல்வதும் அதே வரவுதான். நோட்டுக்கு வரவு வைக்காமல் பணம் வாங்குவது அந்தக் காலத்தில் மரியாதைக் குறைவு. கடன் கொடுத்தவரே “நோட்டை எடு, வரவு வை” என்பார். செக் வந்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது. செக் என்றால் ஒரே தடவையில் பாஸாக வேண்டியது என்று நினைப்பதால், அதன் முதுகில் எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. ஜிபே வந்தபிறகு சுத்தமாகப் போச்சு. பணம் போனில் வருகிறது, செக் பீரோவில் கிடக்கிறது, இரண்டுக்கும் பேச்சு வார்த்தையே இல்லை.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. செக்கின் பின்பக்கம் வரவு எழுதிப் போட்டாலும், வங்கி முன்பக்கத்தில் உள்ள தொகையைப் பார்த்துத்தான் வேலை செய்யும். சென்னையில் 2011-லிருந்து செக்கைப் படமெடுத்துத்தான் கிளியரிங்குக்கு அனுப்புகிறார்கள். அதனால் என் கட்சிக்காரர்களிடம் நான் சொல்வது: ஒரு பகுதி வந்தால் பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்து, மிச்சத்துக்குப் புதுச் செக் வாங்குங்கள். அவர் புதுச் செக் தர மறுத்தால் மட்டும், தேதியோடு வரவை எழுதிவிட்டு, ஆயுள் முடிவதற்குள் என்னிடம் வாருங்கள்.

அப்புறம் நடந்தது

விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அப்போது உயர் நீதிமன்றத்தில் தனி அனுமதி கேட்டிருக்கலாம். 60 நாள் இருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இவ்வளவு நேராக இருக்கும்போது அண்ணாச்சியின் காசை அதில் கரைக்க எனக்கு மனசில்லை.

ஆனால் 4,60,000 கடன் அப்படியே இருக்கிறது. கிரிமினல் வழக்கில் விடுதலை ஆனால் கடனே இல்லை என்றாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. இன்னொரு தப்பு, கிரிமினல் வழக்கு நடக்கும்வரை சிவில் கெடு நிற்கும் என்று நினைப்பது. அது பாட்டுக்கு ஓடும். எங்கள் நல்ல காலம், கொரோனாவுக்காக 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் கெடுக் கணக்கிலிருந்து விலக்கியிருந்தது. அதனால் 2025 பிப்ரவரி வரை நேரம் இருந்தது.

வியாபாரிகளுக்குள் மூன்று லட்சமோ அதற்கு மேலோ சரக்குப் பாக்கி என்றால் அது வணிக வழக்கு. அவசர உத்தரவு எதுவும் கேட்காதபோது, வழக்குக்கு முன்னால் சமரசப் பேச்சுக்குப் போயே ஆக வேண்டும், வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12அ பிரிவின்படி அது கட்டாயம். போனோம். இரண்டு வருஷம் நீதிமன்றத் தாழ்வாரத்தில் முகம் பார்க்காமல் நின்ற இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். முதல் அரை மணி நேரம் கோபம். பிரஸ்காரர், “லட்சத்து எம்பதாயிரம் தந்ததுக்கு அப்புறமும் முழுசுக்கும் செக்கைப் போட்டீங்களே அண்ணாச்சி, என்னைத் திருடன்னு நினைச்சிட்டீங்களா?” என்றார். அண்ணாச்சி, “போனை எடுத்திருந்தா போட்டிருப்பேனாய்யா?” என்றார். அப்புறம் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சமரசர் டீ வரவழைத்தார்.

மூன்றாவது அமர்வில் முடிந்தது. வட்டி இல்லாமல் 4,60,000, மாதம் 46,000 வீதம் பத்துத் தவணை. தவணைக்கு ஒன்றாகப் பத்துச் செக். ஒவ்வொரு மாதமும் பணம் வந்ததும் அந்த மாதச் செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். கையெழுத்தானதும் அது ஆர்பிட்ரேஷன் தீர்ப்புக்குச் சமம். மீறினால் நேராக நிறைவேற்றத்துக்குப் போகலாம்.

ஏழு தவணை சரியாக வந்தது. எட்டாவது மாதம் 20,000 மட்டும் ஜிபேயில் வந்திருக்கிறது. அண்ணாச்சி எனக்குப் போன் போட்டார். “சார், செக்கை என்ன பண்ணட்டும்?” போடாதீர்கள், அவரைக் கடைக்குக் கூப்பிடுங்கள் என்றேன்.

அன்று சாயங்காலம் அவர் போனிலிருந்து ஒரு படம் வந்தது. கடைக் கல்லாவின் மேல் செக்கைக் கவிழ்த்து வைத்து எடுத்திருக்கிறார், பக்கத்தில் ரீம் பிரித்த பழுப்புத் தாள். பின்பக்கத்தில் நீல மையில் பிரஸ்காரரின் கையெழுத்து: “இதற்கு இன்று வரவு ரூ. 20,000. மீதி ரூ. 26,000.” கீழே தேதி, இருவரின் கையொப்பம். அடுத்த வாரம் மீதி ரொக்கமாக வந்தது. செக் திருவல்லிக்கேணிக்குத் திரும்பிப் போனது.